ஹண்டிங்டன் நோய்: மரபணுத் தேடலும் அறியாதிருக்கும் உரிமையும்

ஹண்டிங்டன் நோய் என்பது மூளையின் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் ஒரு மரபுவழி நோயாகும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய்க்குரிய மரபணு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. 1872இல் மருத்துவ உலகுக்குத் தெளிவாக அறிமுகமான இந்நோயின் மரபணு 121 ஆண்டுகள் கழித்து, 1993இல் கண்டறியப்பட்டது. ஆனால் நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ மருந்து அப்போது இல்லை. இன்று நலமாக இருக்கும் ஒருவருக்கு நாளை என்ன நேரும் என்று அறிவியலால் சொல்ல முடிந்தது. அதை மாற்ற முடியவில்லை. இந்த இடைவெளியில் எழுந்த கேள்விகளே மரபணுப் பரிசோதனைகளுக்கான அறநெறிகளை வகுக்கக் காரணமாயின. அவ்வகையில் மரபியல் வரலாற்றிலும் மருத்துவ அறவியல் வரலாற்றிலும் இந்நோய்க்குத் தனி இடம் உண்டு.

நோயின் தன்மை

பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் நோயின் அறிகுறிகள் தோன்றும். கை, கால், முகம் ஆகியவை தாமாகவே அசையத் தொடங்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும். இதனுடன் நினைவும் சிந்தனைத் திறனும் குறையும். மனச்சோர்வும் எரிச்சலும் பலருக்கு உடல் அசைவுகளுக்கு முன்பே வந்துவிடும். அறிகுறி தோன்றியபின் 15 முதல் 20 ஆண்டுகளில் மரணம் நேரிடுவது வழக்கம். நடனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘கோரியா’ என்னும் பெயர் இந்த அசைவுகளைக் குறிக்கும். எனவே நீண்டகாலம் இந்நோய் ‘ஹண்டிங்டன் கோரியா’ என்றே அழைக்கப்பட்டது.

இது ஓங்கு மரபணுவால் வரும் நோய். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு ஒன்று வந்தாலே போதும். நாணயத்தைச் சுண்டுவது போலத்தான் இதன் கணக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் இரண்டாவது குழந்தை தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. பழுதான மரபணுவைப் பெறாதவர் அதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இல்லை.

இந்நோயின் கொடுமை அது வரும் வயதில் இருக்கிறது. தமக்கு நோய் உண்டு என்று தெரியவரும் முன்பே பலர் திருமணம் செய்து, பிள்ளைகளும் பெற்றிருப்பார்கள். தாய்க்கோ தந்தைக்கோ நோய் என்று அறியும் நாளில், பிள்ளைகள் தங்களைப் பற்றியும் ஒரு கேள்வியைச் சுமக்கத் தொடங்குகிறார்கள்.

ஜார்ஜ் ஹண்டிங்டனின் கட்டுரை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் தீவிலுள்ள ஈஸ்ட் ஹாம்ப்டன் என்னும் ஊரில் 1850இல் பிறந்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன். அவருடைய தந்தையும் பாட்டனாரும் அதே ஊரில் மருத்துவர்களாக இருந்தவர்கள். சிறுவயதில் தந்தையுடன் வண்டியில் சென்றபோது, உடல் நெளிய, முகம் கோணியபடி நடந்து வந்த ஒரு தாயையும் மகளையும் கண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மருத்துவப் படிப்பை முடித்த மறு ஆண்டு, 1872 பிப்ரவரியில், ஒஹாயோ மாநிலத்தின் மிடில்போர்ட் நகரில் கூடிய மருத்துவர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். ஏப்ரலில் அது பிலடெல்பியாவின் மருத்துவ இதழ் ஒன்றில் அச்சானது. அப்போது அவருக்கு வயது 22. கோரியா பற்றிய பொதுவான கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் லாங் தீவின் சில குடும்பங்களில் மட்டும் காணப்பட்ட இந்நோயைப் பற்றி எழுதியிருந்தார். மூன்று செய்திகளை அவர் குறிப்பிட்டார்: நோய் மரபுவழி வருகிறது, மனநிலை பிறழ்வும் தற்கொலை எண்ணமும் உடன் வருகின்றன, நடுவயதில் தோன்றி மோசமாகிறது. ஒரு தலைமுறையில் நோய் வராமல் போனால் இழை அறுந்துவிடும், அதன்பின் அந்தக் கிளையில் நோய் திரும்பாது என்றும் அவர் எழுதினார்.

இதற்கு முன்பும் சிலர் இந்நோயைக் குறித்திருக்கிறார்கள். நார்வே நாட்டு மருத்துவர் லுண்ட் 1860இல் எழுதியது அவற்றுள் ஒன்று. ஆனால் மூன்று தலைமுறை மருத்துவர்கள் ஒரே ஊரின் குடும்பங்களைப் பார்த்துச் சேர்த்த அறிவு ஹண்டிங்டனிடம் இருந்தது. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு வெளிவந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது, ஹண்டிங்டன் சொன்ன அறுந்த இழை ஓங்கு மரபணுவின் விதியோடு அப்படியே பொருந்தியது.

இனமேம்பாட்டியலின் நிழல்

நோய் எவ்வாறு கடத்தப்படுகிறது என்று தெரிந்ததும், அந்த அறிவு முதலில் நோயாளிகளுக்கு எதிராகவே பயன்பட்டது. நல்ல மரபுள்ளவர்களைப் பெருக்கி, குறையுள்ளவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுத்தால் மனித இனம் மேம்படும் என்று வாதிட்ட இனமேம்பாட்டியல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செல்வாக்குடன் இருந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் டேவன்போர்ட், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் ஓர் ஆவண அலுவலகத்தை நிறுவினார். அவருடைய களப்பணியாளரான மருத்துவர் எலிசபெத் மன்சி திரட்டிய 962 நோயாளிகளின் குடும்ப வரலாறுகள் 1916இல் வெளியாயின. நோயாளிகள் யார் என்று தெரிந்தும் அவர்கள் பிள்ளை பெறுவதை அரசு தடுக்காமலிருப்பது தவறு என்பது டேவன்போர்ட்டின் முடிவு.

1932இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை இன்னும் ஒருபடி மேலே சென்றது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய சில குடும்பங்களே இந்நோயைக் கொண்டு வந்தன என்றும், அக்குடும்பப் பெண்கள் சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள் என்றும் அது கூறியது. அதற்கு ஆதாரமில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினர். ஆயினும் பல ஆண்டுகள் மருத்துவ நூல்களில் அக்கதை தொடர்ந்து இடம்பெற்றது.

ஜெர்மனியில் நாஜி அரசு 1933 ஜூலையில் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் மரபுவழி நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஹண்டிங்டன் நோய் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. எல்லா நோய்களுக்கும் சேர்த்து சுமார் 4 லட்சம் பேர் அச்சட்டத்தின்கீழ் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். இப்படிப்பட்ட சூழலில் குடும்பங்கள் நோயை மறைத்ததில் வியப்பில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’, ‘குடிப்பழக்கம்’ என்று சொல்லி மூடினார்கள். பிள்ளைகளுக்கே உண்மை சொல்லப்படவில்லை.

குடும்பங்கள் எழுப்பிய குரல்

இந்த மௌனத்தை உடைத்தவர்கள் நோயாளிகளின் குடும்பத்தார். புகழ்பெற்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி இந்நோயால் பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்து 1967 அக்டோபரில் இறந்தார். அவருடைய தாயும் இதே நோயால் இறந்தவர். கத்ரியின் மனைவியாக இருந்த மார்ஜோரி அதே ஆண்டில் இந்நோயை எதிர்க்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். கத்ரி என்ற பெயர் அறிந்த பலர் அதன்மூலம் நோயின் பெயரையும் அறிந்தனர்.

1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லியோனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணிக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பது தெரியவந்தது. காலையில் சாலையைக் கடந்தபோது, குடித்திருக்கிறாரா என்று காவலர் கேட்கும் அளவுக்கு அவர் நடை தள்ளாடியிருந்தது. அவருடைய தந்தையும் மூன்று சகோதரர்களும் இந்நோயால் இறந்தவர்கள். லியோனோரை மணந்து பின்னர் பிரிந்திருந்த உளப்பகுப்பாய்வாளர் மில்டன் வெக்ஸ்லர், மகள்கள் ஆலிஸ், நான்சி இருவரையும் அழைத்து, அவர்களுக்கும் நோய் வர சரிபாதி வாய்ப்பு உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார். பின்பு மரபுவழி நோய் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, வெவ்வேறு துறை இளம் அறிவியலாளர்களை ஒரே அறையில் கூட்டிப் பேசவைக்கும் பட்டறைகளை நடத்தினார். உளவியல் படித்த நான்சி வெக்ஸ்லர் இந்நோயின் ஆய்வையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். தாய் லியோனோர் 1978இல் இறந்தார்.

மரகைபோ ஏரிக்கரை

தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டில், மரகைபோ ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குடியிருப்புகளில் ஒரு வினோத நோய் பரவலாக இருந்தது. மக்கள் அதை ‘எல் மால்’ என்றனர். ஸ்பானிய மொழியில் கேடு, நோய் என்பது அதன் பொருள். 1950களில் அங்கே பணியாற்றச் சென்ற மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெட்டே, தெருவில் தள்ளாடிச் சென்றவர்களைக் குடித்தவர்கள் என்றே முதலில் நினைத்தார். அவர்கள் நோயாளிகள் என்று ஊரார் சொன்னபின் ஆராய்ந்து, அது ஹண்டிங்டன் நோய் என்று கண்டு எழுதினார். அவருடைய மாணவர் ராமோன் ஆவிலா கிரோன், 1972இல் ஒஹாயோவில் நடந்த ஹண்டிங்டன் கட்டுரையின் நூற்றாண்டுக் கூட்டத்தில் இம்மக்களைப் பற்றிய திரைப்படத்தைக் காட்டினார். ஓரிடத்தில் இத்தனை நோயாளிகளா என்று கூட்டத்தினர் திகைத்தனர்.

நான்சி வெக்ஸ்லர் 1979இல் அங்கே சென்றார். தாய், தந்தை இருவருக்கும் நோய் உள்ள குடும்பத்தில் பிறந்து, பழுதான மரபணுவை இருபுறமிருந்தும் பெற்ற ஒருவரைக் காண்பதே முதல் நோக்கம். 1981 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஆய்வுக்குழு ஒவ்வோர் ஆண்டும் அங்கே சென்றது. சான் லூயிஸ், பர்ரான்கீத்தாஸ், நீரின்மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகளைக் கொண்ட லகுனெத்தா ஆகிய ஊர்களில் குடும்ப வரலாறுகள் கேட்டுத் தொகுக்கப்பட்டன. யார் யாருக்கு மகன், யார் யாரை மணந்தார் என்று பத்துத் தலைமுறைகளில் 18,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட வம்சாவளி வரையப்பட்டது. 4,000க்கும் மேற்பட்டோர் இரத்தம் கொடுத்தனர்.

வெளிநாட்டார் வந்து இரத்தமும் தோலும் கேட்டபோது மக்கள் தயங்கினர். இந்த நோய் தங்கள் ஏரிக்கரைக்கு மட்டுமே உரியது என்று அவர்கள் எண்ணியிருந்தனர். தன் தாயும் இதே நோயால் இறந்தவர், தானும் அதே வாய்ப்பைச் சுமப்பவள் என்று நான்சி சொன்னார். ஆய்வுக்காகத் தானும் தோல் கொடுத்ததற்கான தழும்பு அவர் கையில் இருந்தது. குழுவின் செவிலியர் ஒருவர் அக்கையைத் தூக்கிக் காட்டியபோது மக்களின் தயக்கம் குறைந்தது. ஆய்வாளரும் ஆய்வுக்கு உட்படுவோரும் ஒரே ஆபத்தைப் பகிர்ந்து நின்றது இந்த ஆய்வின் தனித்தன்மை எனலாம்.

1983: அடையாளக் குறி

மரபணு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தேடுவது எப்படி? புதிய ஊரில் ஒரு வீட்டைத் தேடுபவருக்கு முகவரி தெரியாவிட்டாலும், ‘பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில்’ என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். டி.என்.ஏ இழையில் ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள் உண்டு. இவை நோயை உண்டாக்குவதில்லை, வெறும் அடையாளங்களே. ஒரு குடும்பத்தில் நோயுள்ளவர்களிடம் ஒரு குறிப்பிட்ட அடையாளமும், நோயற்றவர்களிடம் வேறோர் அடையாளமும் தொடர்ந்து காணப்பட்டால், நோய்க்கான மரபணு அந்த அடையாளத்தின் அருகில் இருக்கிறது என்று பொருள். டி.என்.ஏவை வெட்டும் நொதிகளைக் கொண்டு இத்தகைய அடையாளங்களை அறிந்து மனித மரபணு வரைபடமே வரையலாம் என்று 1980இல் நான்கு அமெரிக்க அறிவியலாளர்கள் எழுதினர்.

அடையாளம் நோயோடு சேர்ந்து வருகிறதா என்பதை உறுதிசெய்யப் பெரிய குடும்பம் தேவை. அதற்கு மரகைபோ மக்களின் இரத்தம் உதவியது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜேம்ஸ் குசெல்லா அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். இண்டியானாவில் மைக்கேல் கானலி புள்ளியியல் கணக்கைப் பார்த்தார். பல்லாண்டுகள் பிடிக்கும் என்று பலர் எண்ணிய வேலை, முதல் பன்னிரண்டு அடையாளங்களுக்குள்ளேயே முடிந்தது. ‘ஜி8’ என்று பெயரிடப்பட்ட அடையாளம் நோயோடு சேர்ந்தே வந்தது. அது நான்காம் குரோமோசோமில் இருந்தது. 1983 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் இச்செய்தி வெளியானது. மரபணு நோய்களைத் தேடும் இம்முறை செயல்படும் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

1993: மரபணு

இருப்பிடத்தின் பக்கம் தெரிந்தபின் மரபணுவையே கண்டறியப் பத்தாண்டுகள் ஆயின. வெவ்வேறு ஆய்வுக்கூடங்களைச் சேர்ந்த ஆறு குழுக்கள், 58 அறிவியலாளர்கள், தனித்தனியே போட்டியிடாமல் கண்டவற்றைப் பகிர்ந்துகொண்டு உழைத்தனர். 1993 மார்ச்சில் ‘செல்’ இதழில் வெளியான கட்டுரையில் ஆசிரியராகத் தனிமனிதர் பெயர் இன்றிக் கூட்டுக்குழுவின் பெயரே இடம்பெற்றது.

டி.என்.ஏ மொழியில் சி, ஏ, ஜி என்னும் மூன்று எழுத்துகள் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகின்றன. 26 முறை வரை வந்தால் இயல்பு. 27 முதல் 35 வரை இடைநிலை. அவருக்கு நோய் வராது, ஆனால் அடுத்த தலைமுறையில் எண்ணிக்கை கூடக்கூடும். 36 முதல் 39 வரை இருந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். 60க்கு மேல் போனால் இளவயதிலேயே தாக்கும். தந்தை வழியாக வரும்போது எண்ணிக்கை கூடும் வாய்ப்பு அதிகம். இந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு ‘ஹண்டிங்டின்’ என்று பெயர்.

ஆனால் எண் மட்டுமே விதியன்று. ஒரே எண்ணிக்கை உள்ளவர்களிடையேகூட நோய் தொடங்கும் வயது வேறுபடுகிறது. மற்ற மரபணுக்களும் சுற்றுச்சூழலும் அதில் பங்கு பெறுகின்றன என்பதை 2004இல் வெளியான மரகைபோ குடும்பங்களின் ஆய்வு காட்டியது.

அறியாதிருக்கும் உரிமை

1983இல் அடையாளம் கிடைத்ததுமே ஒரு புதிய கேள்வி எழுந்தது. நோயின் அறிகுறி ஏதுமற்றவரிடம், வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை 1986இல் அமெரிக்காவில் தொடங்கியது. உறவினர் பலரின் இரத்தமும் அதற்குத் தேவைப்பட்டது. 1993க்குப் பின் ஒருவருடைய இரத்தம் மட்டுமே போதுமானதாயிற்று.

பரிசோதனை வருவதற்கு முன் நடந்த கருத்தாய்வுகளில், வந்தால் செய்துகொள்வோம் என்றே ஆபத்தில் இருந்தோரில் பெரும்பாலோர் சொன்னார்கள். வந்தபின் நிலைமை மாறியது. பல நாடுகளில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே முன்வந்தனர். தடுக்க வழியில்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பது மற்றவர்களின் கேள்வி. இதை அறியாமை என்றோ கோழைத்தனம் என்றோ ஒதுக்க முடியாது. தெரியாத வரையில் ‘ஒருவேளை எனக்கு இல்லை’ என்னும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. தெரிந்தபின் அதைத் திருப்பிக் கொடுக்க இயலாது.

நோயாளிகளின் பன்னாட்டுச் சங்கமும் நரம்பியல் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து வகுத்து, 1994இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள் இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தன. அவற்றின் சாரம் இது: பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது அந்தந்த நபரின் சொந்த முடிவு. குடும்பத்தாரோ மருத்துவரோ முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ கட்டாயப்படுத்தக் கூடாது. வயது வந்தவர்களுக்கு மட்டுமே செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஆலோசனை தரப்பட வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். இரத்தம் கொடுத்த பின்னும்கூட முடிவைக் கேட்காமல் விலகலாம். முடிவை அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வேறு யாருக்கும் சொல்லக் கூடாது.

சிறுவர்களுக்குச் செய்யக் கூடாது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. பெற்றோர் ஆவலால் குழந்தையைச் சோதித்துவிட்டால், அறியாதிருக்கும் உரிமையை அக்குழந்தை என்றைக்கும் பயன்படுத்த முடியாது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வளர்ந்தபின் அவரே.

அறிந்தவர்களின் நிலை என்ன? நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முடிவு தெரிந்தவர்கள் தெரியாமல் இருந்தவர்களைவிட ஓராண்டுக்குப் பின் மனநலத்தில் மேம்பட்டிருந்தனர் என்று 1992இல் கனடாவின் ஆய்வு ஒன்று கண்டது. 1999இல் வெளியான உலகளாவிய ஆய்வில், பரிசோதனை செய்துகொண்ட 4,527 பேரில் 44 பேர் தற்கொலை, தற்கொலை முயற்சி, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுதல் ஆகிய கடும் விளைவுகளுக்கு ஆளாகியிருந்தனர். அவர்களில் 5 பேர் உயிரிழந்தனர். அஞ்சிய அளவுக்குப் பேரழிவு நேரவில்லை. ஆனால் ஆலோசனையின்றிச் செய்யத்தக்க சாதாரண இரத்தப் பரிசோதனையும் அன்று இது. நோய் இல்லை என்று தெரிந்தவர்களிலும் சிலர் வருந்தினர். அண்ணனுக்கும் தங்கைக்கும் இருக்க, தான் மட்டும் தப்பியதைக் குற்றமாக உணர்ந்தனர்.

ஒருவரின் முடிவு, பலரின் செய்தி

மரபணுச் செய்தி தனிமனிதருக்கு மட்டும் சொந்தமானதன்று. பாட்டிக்கு நோய் இருந்தது. தாய் பரிசோதனை செய்துகொள்ள விரும்பவில்லை. மகள் செய்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு மரபணு இருப்பதாகத் தெரிந்தால், தாய்க்கும் அது உண்டு என்பது தானாகவே வெளிப்பட்டுவிடும். அறியும் மகளின் உரிமையும் அறியாதிருக்கும் தாயின் உரிமையும் ஒரே சோதனைக் குழாயில் மோதுகின்றன. ஒத்த இரட்டையரில் ஒருவர் மட்டும் அறிய விரும்பினாலும் இதே சிக்கல்தான்.

செயற்கைக் கருத்தரிப்பில் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். கருக்களைச் சோதித்து, மரபணு இல்லாத கருவை மட்டும் தாயின் கருப்பையில் வைக்கின்றனர். பெற்றோர் விரும்பினால் எத்தனைக் கருக்களில் மரபணு இருந்தது என்பது அவர்களுக்குச் சொல்லப்படாது. இதனால் தமக்கு நோய் உண்டா என்பதை அறியாமலே, நோயற்ற பிள்ளையைப் பெற முடிகிறது. அதே வேளையில், நாற்பது ஆண்டுகள் நலமாக வாழக்கூடிய உயிரைக் கருவிலேயே விலக்கலாமா என்ற கேள்வியை எழுப்புவோரும் உண்டு. நோயுள்ள குடும்பங்களிலேயே இரு கருத்துகளும் உள்ளன. இனமேம்பாட்டியல் காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, முடிவெடுப்பது அரசு அன்று, பெற்றோர் என்பதே.

மருத்துவரின் கடமை பற்றிய வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. தந்தைக்கு ஹண்டிங்டன் நோய் உறுதியானபோது மகள் கருவுற்றிருந்தார். மகளுக்குச் சொல்லக் கூடாது என்று தந்தை கேட்டுக்கொண்டதால் மருத்துவர்கள் சொல்லவில்லை. குழந்தை பிறந்தபின் உண்மை தெரிந்த மகள் வழக்குத் தொடுத்தார். நோயாளியின் ரகசியத்தையும் உறவினருக்கு நேரக்கூடிய தீங்கையும் சீர்தூக்கிப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று 2020இல் நீதிமன்றம் கூறியது. ஆனால் அவ்வழக்கில் அக்கடமை மீறப்படவில்லை என்று கூறி இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளியது.

வேலையும் காப்பீடும்

நோய் வரும் என்று தெரிந்தால் வேலை கிடைக்குமா, காப்பீடு கிடைக்குமா என்ற அச்சமும் பலரைப் பரிசோதனையிலிருந்து விலக்கியது. சிலர் வேறு பெயரில் பரிசோதனை செய்துகொண்டனர். அமெரிக்காவில் 2008இல் நிறைவேறிய சட்டம், மரபணுச் செய்தியைக் கொண்டு வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. ஆயுள் காப்பீடும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் அதில் அடங்கவில்லை. இத்தகைய நோயாளிக்கு மிகவும் தேவைப்படுவது நீண்டகாலப் பராமரிப்பே. பிரிட்டனில் முன்கணிப்பு மரபணுப் பரிசோதனையின் முடிவைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம் என்று 2018ஆம் ஆண்டின் நடத்தை நெறி அனுமதித்த ஒரே நோய் ஹண்டிங்டன் நோய்தான். அதுவும் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும்.

மனித மரபணுத் திட்டம் 1990இல் தொடங்கியபோது, அதன் அறவியல், சட்ட, சமூக விளைவுகளை ஆராய நிதியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அதற்கான கூட்டுப் பணிக்குழுவின் தலைவராக இருந்தவர் நான்சி வெக்ஸ்லர். ஹண்டிங்டன் நோயில் கற்ற பாடங்கள் மார்பகப் புற்றுநோய், மரபுவழி மறதிநோய் முதலியவற்றின் பரிசோதனைகளுக்கும் முன்மாதிரியாயின.

ஏரிக்கரை மக்களுக்குரிய கடன்

மரகைபோ மக்களின் இரத்தம் உலகெங்கும் ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஆய்வுக்குழு ஒவ்வோர் ஆண்டும் மருத்துவ உதவி அளித்தது. 1999இல் நோயாளிகளைப் பராமரிக்க மரகைபோவில் ‘அன்பும் நம்பிக்கையும்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு இல்லம் திறக்கப்பட்டது. ஆனால் வறுமை மாறவில்லை. முறையான ஆலோசனை வசதி இல்லாத இடத்தில் முடிவைச் சொல்வது தீங்காகும் என்று கருதி, ஆய்வில் தெரிந்த மரபணு முடிவுகள் தனிநபர்களுக்குச் சொல்லப்படவில்லை. அறியாதிருக்கும் உரிமை அறிய விரும்புவோருக்கான வசதியுடன் சேர்ந்தால்தான் முழுமை பெறும். வசதி இல்லாத இடத்தில் அது உரிமையாக இல்லாமல் இல்லாமையாகவே நின்றுவிடுகிறது.

2017 மே 18 அன்று போப் பிரான்சிஸ், தென் அமெரிக்கக் குடும்பங்கள் உட்பட இந்நோயுள்ள குடும்பங்கள் பலவற்றை வத்திக்கானில் சந்தித்தார். ‘இனி ஒளிவு வேண்டாம்’ என்பது அந்நிகழ்ச்சியின் முழக்கம்.

சிகிச்சைத் தேடல்

கட்டுப்பாடற்ற அசைவுகளைக் குறைக்கும் டெட்ராபெனசின் மருந்துக்கு அமெரிக்காவில் 2008இல் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அதே வகையில் வேறு மருந்துகளும் வந்தன. இவை அறிகுறியைத் தணிப்பவை. நோயை நிறுத்துபவை அல்ல. ஹண்டிங்டின் புரதம் உருவாவதைக் குறைக்க முயன்ற டோமினெர்சன் மருந்தின் பெரிய ஆய்வு, எதிர்பார்த்த பயன் தராததால் 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மூளைக்குள் ஒருமுறை செலுத்தும் மரபணுச் சிகிச்சை ஒன்று, மூன்று ஆண்டுகளில் நோயின் வேகத்தை 75 சதவீதம் குறைத்ததாக 2025 செப்டம்பரில் அதை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. அந்த அளவு காணப்பட்டது அதிக அளவு மருந்து பெற்ற 12 பேரிடம். ஒப்பிடப்பட்டது வெளியிலிருந்த நோயாளிகளின் பதிவுகளோடு. எனவே மேலும் ஆய்வு தேவை. பல மணிநேர மூளை அறுவை தேவைப்படும் இச்சிகிச்சை ஏரிக்கரைக் குடிசைகளை எட்டுமா என்பது அடுத்த அறவியல் கேள்வி.

பரிசோதனை செய்துகொண்டாரா இல்லையா என்பதை நான்சி வெக்ஸ்லர் நீண்டகாலம் வெளியில் சொல்லவில்லை. அது தம் சொந்தச் செய்தி என்பது அவர் நிலைப்பாடு. மரபணுவைக் கண்டறியத் துணைநின்றவரே அந்த உரிமையைப் பயன்படுத்தியது குறிப்பிடத்தக்கது. 2020 மார்ச்சில், தம் 74ஆம் வயதில், தமக்கும் ஹண்டிங்டன் நோய் உள்ளது என்று அவர் அறிவித்தார். நோயைச் சுற்றியுள்ள அச்சமும் ஒளிவும் குறைய வேண்டும் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். அறிவதும், அறியாதிருப்பதும், அறிந்ததை எப்போது யாரிடம் சொல்வது என்பதும் அவரவர் முடிவு என்னும் நெறிக்கு அவருடைய வாழ்க்கையும் ஒரு சான்றாக உள்ளது.